டேப்புக்குள் என்ன இருந்தது: ஒரு பீர் நாட்குறிப்பு

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

டான்டெனாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் காலையிலேயே போன் செய்துவிட்டார். "தம்பி, இதுவும் புளிச்சுப் போச்சு. ஒருக்கா வந்து பார்."

மெல்போர்னில் வீட்டில் பீர் காய்ச்சுகிற தமிழர்கள் எங்கள் வட்டத்தில் கொஞ்சம் பேர்தான், அதனால் யாருக்குக் கெட்டாலும் எல்லாரும் போய் மோந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கராஜில் 23 லிட்டர் பேல் ஏல் வகை பீர். மூடியைத் திறந்தால் மேலே வெளிறிய, சுருக்கம் விழுந்த மெல்லிய ஏடு, அதற்குள் அங்கங்கே சிக்கிக்கொண்ட குமிழிகள். ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்தேன். முதலில் புளிப்பு, கடைசியில் லேசாக வினிகர்.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சா ஏதும் செய்யுமோ?"

செய்யாது. நொதித்து முடிந்த பீரில் ஆல்கஹால் இருக்கிறது, பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கிறது, கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் காரம் வேறு. நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கு இது உவப்பான இடம் இல்லை. இதில் பிழைக்கிறவை பீரைக் கெடுக்கும், ஆளைப் படுக்கவைக்காது. பஞ்சுபோல் மயிர் மயிராக, பச்சையிலோ கறுப்பிலோ பூஞ்சை பிடித்திருந்தால் அது வேறு விஷயம், யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்த்தபோது 1.003 காட்டியது, சர்க்கரை தீரத் தீர இறங்குகிற எண் இது. இதே ரெசிபி போன குளிர்காலத்தில் 1.011-ல் நின்றது. வழக்கமான ஏல் ஈஸ்ட் தொடாமல் விட்டுவிடும் பெரிய சர்க்கரைகளையும் யாரோ உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் மட்டும் இருந்தால் இவ்வளவு இறங்காது என்பது என் கணக்கு, கூடவே ஏதோ காட்டு ஈஸ்ட்டும் இருக்க வேண்டும். ஏட்டைப் பார்த்தே இது பிரெட்டானோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்ட், இது இன்னது என்று சொல்கிற நிபுணர்களை நான் நம்புவதில்லை. மைக்ரோஸ்கோப் இல்லாமல் அதெல்லாம் ஜோசியம்.

13 பிப்ரவரி, செவ்வாய்

மதியம் கொளுத்தும் வெயில், அப்புறம் புயல். விக்டோரியா மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வீடுகளுக்குக் கரண்ட் போய்விட்டது. அண்ணன் வீட்டிலும் இல்லை.

இதற்கு முன்னால் புளித்த பேட்சை அவர் ஜனவரியிலேயே பாட்டிலில் அடைத்து கராஜில் அடுக்கியிருந்தார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த உடனே எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் ஏற்றச் சொன்னேன். மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தெரிந்த ஒன்று பாட்டிலுக்குள் இருந்தால் வாயு ஏறிக்கொண்டே போகும், கராஜ் சூட்டில் இன்னும் வேகமாக. 750 மில்லி கண்ணாடி பாட்டில் வெடித்தால் சில்லு எங்கே போய்க் குத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று கரண்ட் இல்லாததால் ஃபிரிட்ஜ் கதவையே திறக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன். கரண்ட் வந்து நன்றாகக் குளிர்ந்த பிறகு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் தடித்த உறையும் துண்டும் சுற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து சிங்க்கில் ஊற்ற வேண்டும். அண்ணிக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு. "பீர் காய்ச்சிறீங்களோ, குண்டு செய்யிறீங்களோ?"

17 பிப்ரவரி, சனி

அண்ணன் சோம்பேறி இல்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் வடிவாக் கழுவித்தான் வச்சனான்" என்று அவர் சொன்னது உண்மை. ஸ்டார் சான் என்கிற சானிடைசரை அளந்து கலக்கிறார், ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதெல்லாம் அடிக்கிறார். சிக்கல் கண்ணில் படாத இடத்தில்தான்.

ஃபெர்மென்டரின், அதாவது பீர் நொதிக்கும் பிளாஸ்டிக் வாளியின், அடியில் பீர் பிடிக்கிற டேப் (குழாய்) இருக்கிறதே, அதைக் கழற்றி நன்றாகச் சூடான தண்ணீரில் போட்டு வைத்தேன். பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியதும் மரக்கரண்டியின் காம்பை வாய்ப்பக்கம் விட்டு அழுத்தினால் உள்ளே சுழலும் உருளை தனியாக வெளியே வரும். இது இரண்டு துண்டு என்பதே பலருக்குத் தெரியாது, கிட்டுடன் வரும் துண்டுச் சீட்டிலும் பெரும்பாலும் எழுதியிருக்காது. வந்த உருளையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று நகத்தோடு வந்தது. பழைய ஈஸ்ட், ஹாப்ஸ் துகள், காய்ந்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சர்க்கரை எல்லாம் சேர்ந்து இறுகிய பசை. பழைய கஞ்சி வாடை. திருகு மரையிலும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் இதே கதை.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கழுவுவது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. சானிடைசர் என்பது சுத்தமான பரப்பின் மேல் நிற்கும் கொஞ்சநஞ்சக் கிருமிகளைக் கொல்லத்தான். அழுக்குப் படலத்துக்கு அடியில் கூட்டமாகக் குடியிருப்பவற்றை அது தொடக்கூட முடியாது. எவ்வளவு விலையுயர்ந்த சானிடைசர் வாங்கினாலும் அந்த வளையத்தின் மேல்தோலை நனைத்துவிட்டுப் போய்விடும். அடுத்த பேட்சைப் பாட்டிலில் பிடிக்கும்போது கடைசிச் சொட்டு வரை அந்த வழியாகத்தான் போகிறது.

உருளை, டேப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த 50, 60 டிகிரி தண்ணீரில் ஊற வைத்தோம். துணி வெளுக்கும் பொடியில் இருக்கும் அதே சரக்குதான், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரிந்து, காய்ந்த பசையைத் தேய்க்காமலே பெயர்த்துவிடும். ஹோஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், உள்ளே மங்கலாக ஒரு படலம். மீட்டருக்குச் சில்லறைக் காசு, குப்பையில் போட்டாயிற்று.

ஃபெர்மென்டரின் உள்சுவரிலும் கீறல்கள். யாரோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார், அண்ணி அண்ணனைப் பார்த்தார். நான் தலையிடவில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கிருமி ஒளிந்துகொள்ளும், புதுசு வாங்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

டேப் மட்டுமே குற்றவாளி இல்லை. பேச்சுவாக்கில் அண்ணன் ஒன்று சொன்னார். முதலில் புளித்த பேட்சின் அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை ஒரு ஜாடியில் எடுத்து வைத்து, அதைத்தான் இரண்டாவதில் போட்டாராம். காசு மிச்சம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அவர் வேண்டியதைக் கழுவிவிட்டு வேண்டாததைக் கையாலேயே எடுத்து உள்ளே போட்டிருக்கிறார்.

இது பெரிய கம்பெனிகளே பட்ட பாடுதான். 1880-களில் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் மோசமாகக் கெட்டுப்போனது. பீரைக் கெடுப்பது பாக்டீரியா என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஏற்கெனவே காட்டியிருந்தார், எல்லாரும் அதைத்தான் தேடினார்கள். அங்கே ஆய்வகத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், கெடுப்பது ஈஸ்ட்டாகவும் இருக்கலாம், நல்ல ஈஸ்ட்டுக்குள்ளேயே கலந்து நிற்கும் காட்டு ஈஸ்ட்டாகவும் இருக்கலாம் என்று பிடித்தார். ஒற்றை செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட்டை 1883-ல் அங்கே பயன்படுத்தத் தொடங்கினார்கள். முதலாளி ஜேகப்சன் அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்த பகுதி.

ஜாடி கொட்டப்பட்டது. புது உலர் ஈஸ்ட் பாக்கெட் வாங்கியாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். மால்ட் அரைக்கும் மில் ஃபெர்மென்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மால்ட் உமியில் லாக்டோபேசில்லஸ் தாராளமாக இருக்கும், அரைக்கும்போது பறக்கிற தூசு எல்லாம் அதுதான். மில்லை வெளியே பின்கட்டுக்கு மாற்றினோம். அங்கே வேறு தொல்லை: பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா வைனுக்குத் திராட்சை மிதிக்கத் தொடங்கிவிட்டார், பழ ஈ மொய்க்கிறது. அந்த ஈயின் காலில்தான் வினிகர் பாக்டீரியா சவாரி செய்யும். மூடியில் இருக்கும் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

9 மார்ச், சனி

காய்ச்சும் நாள். சமையலறை முழுக்க ஹாப்ஸ் வாசனை.

கொதிக்கும் வரை பயம் இல்லை, பாத்திரம் அழுக்கில்லாமல் இருந்தால் போதும். ஒரு மணி நேரம் கொதித்து, அடுப்பை அணைத்து, சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்குகிற நேரத்திலிருந்துதான் ஆட்டம். இனிப்பான, வெதுவெதுப்பான, ஆல்கஹாலே இல்லாத வோர்ட் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய மால்ட் சாறு), யார் முதலில் வந்து உட்கார்ந்தாலும் அவருக்குத்தான் விருந்து. அதனால் சீக்கிரம் ஆற்றி, சீக்கிரம் நிறைய ஈஸ்ட் போட்டுவிட வேண்டும். ஆற்றுவதற்கான செம்புச் சுருளைக் கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே இறக்கிவிட்டோம், அதற்கென்று தனியாக மருந்து வேண்டாம்.

ஸ்டார் சான் லிட்டருக்கு ஒன்றரை மில்லி. ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், அலசக்கூடாது. நுரையைக் கண்டதும் அண்ணனுக்குக் கை பரபரத்தது, குழாயைத் திறக்கப் போனார், தடுத்துவிட்டேன். அலசினால் குழாய்த் தண்ணீரில் இருப்பதையும் சேர்த்து உள்ளே விடுகிறோம். அந்த நுரை பீருக்கு ஒன்றும் செய்யாது. இதில் பாஸ்பரிக் அமிலம் இருக்கிறது, பிஎச் 3-க்குக் கீழே இருக்கும் வரைதான் வேலை செய்யும். கலக்கிய நீரை வைத்திருந்து மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் பிஎச் காகிதத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஊரில் பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள், அது கள்ளாகப் புளித்துவிடாமல் இருக்க. அது காரம், இது அமிலம். எந்தப் பக்கம் போனாலும் கிருமிக்குத் தாங்காத அளவுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

பிளீச் போதாதா, மலிவாச்சே என்று அண்ணனின் மச்சான் கேட்டார். போதும், ஆனால் நன்றாக அலச வேண்டும். மிச்சம் இருந்தால் மால்ட்டோடு சேர்ந்து பிளாஸ்திரி வாடை வரும், அதற்கு மருந்து கிடையாது. வேகமாக வேலை செய்யட்டும் என்று அதில் வினிகர் ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், குளோரின் வாயு வரும்.

இதே மச்சான்தான் பிறகு ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சப் போனார். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினோம்.

ஈஸ்ட் பாக்கெட்டையும் கத்தரிக்கோலையும்கூட ஸ்ப்ரே அடித்துத்தான் வெட்டினோம். பின்னால் சேர்த்தது: மறுநாள் காலையிலேயே ஏர்லாக் குமிழி விட்டுப் பேசுவதாக அண்ணன் வீடியோ அனுப்பினார்.

24 மார்ச், ஞாயிறு

பாட்டிலில் அடைத்தாயிற்று. 1.011, இரண்டு நாளாக அசையவில்லை. டேப்பைக் காலையில் மறுபடி கழற்றிக் காட்டச் சொன்னேன், அண்ணன் முகம் சுளித்தாலும் கழற்றினார். சுத்தம்.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டுச் சாப்பாடு அண்ணன் வீட்டில். வடை, பாயசம், அப்புறம் பின்கட்டில் பீர். தெளிவு, நல்ல நுரை, ஹாப்ஸ் மணம், புளிப்பு துளியும் இல்லை. குடித்தோம், நல்லாயிருந்தது, அதைப் பற்றி எழுத அவ்வளவுதான்.

சுவாரசியமானது வேறு. பிப்ரவரியில் கெட்டதை அவர் முழுசாகக் கொட்டவில்லையாம், ஐந்து லிட்டரைக் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருக்கிறார். திறந்து நீட்டினார். வினிகர் வாடை இன்னும் இருக்கிறது, ஆனால் பின்னால் அன்னாசி மாதிரி ஒன்று, கொஞ்சம் தோல் வாசனையும். பெல்ஜியத்தில் இப்படி வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் போட்டு வைத்துத்தான் லாம்பிக் செய்கிறார்கள், நானும் செய்யப்போறன் என்கிறார்.

செய்யட்டும். ஆனால் அதற்குத் தனி ஹோஸ், தனி டேப், தனி பிளாஸ்டிக் வாளி, எல்லாவற்றிலும் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டி, மில் இருக்கிற பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியும் ஸ்டீலும் பொதுவாக இருக்கலாம், கழுவினால் போய்விடும். சிவப்பு ஒட்டிய சாமான் எதையும் என்னிடம் கடன் கேட்கவும் வேண்டாம், எனக்குக் கடன் தரவும் வேண்டாம்.