கட்டுப் பிரிக்கும் வரை

ஜூன் 3

சின்னவனின் மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் 18 நாள்கள், தேர்வுக்கு 25. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஏழில் இரண்டு என்று இன்றும் எழுதி வைத்திருக்கிறான். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிடுகிறான்.

ஜூன் 4

யாருக்கு எந்த வழியில் படிப்பு ஏறும் என்று நீல் ஃபிளெமிங் என்ற கல்வியாளர் வகுத்த நான்கு பிரிவுகளை வைத்து என் பிள்ளைகள் இருவரையும் சோதித்தேன்: பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்து பார்த்தல். கேள்விகள் 16. சின்னவனுக்குப் பார்த்தல், மூத்தவளுக்குப் படித்து எழுதுதல் என்று வந்தது. அவரவர் வழியை எழுதிச் சுவரில் ஒட்டியபோது, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தமும், இனி வழி பிறந்துவிட்டது என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

ஜூன் 5

பின்னத்தில் மேலே இருக்கும் தொகுதிக்குப் பச்சை, கீழே இருக்கும் பகுதிக்குச் சிவப்பு. பச்சையில் இரண்டு, சிவப்பில் ஏழு.

ஜூன் 7

இதயப் படத்தை ஒன்றரை மணி நேரம் வரைந்தான். நான்கு அறைகளும் வால்வுகளும் அத்தனை நேர்த்தி. அசுத்த இரத்தத்திற்கு நீலம், சுத்த இரத்தத்திற்குச் சிவப்பு. மனம் நிறைந்துபோய், மாலையில் படத்தை எடுத்து வைத்துவிட்டு, நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புவது எந்த அறை என்று கேட்டேன். “நீல அறை” என்றான். வலமா இடமா என்றதற்குத் தயங்காமல் இடம் என்றான். படத்தில் நீலம் தாளின் இடப்பக்கம்தானே இருக்கிறது! நம்மை நோக்கி நிற்கும் ஒருவரின் இதயம் அது என்பதை நானும் சொல்லவில்லை, அவனும் யோசிக்கவில்லை. வண்ணம் நின்றுவிட்டது, பாடம் நிற்கவில்லை. படம் வரைந்த நேரமெல்லாம் படித்த நேரம் என்று நான்தான் கணக்கு வைத்திருந்தேன்.

ஜூன் 9

மூத்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டத் தொடங்கினாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு, “நான் பார்த்துப் படிக்கிற பிள்ளை, கேட்டால் எனக்கு ஏறாது” என்றான். அது என் வாசகம். ஐந்தே நாளில் அதைத் தன் குறையாக ஏற்றுக்கொண்டுவிட்டான்.

ஜூன் 10

இரவு உறக்கமில்லை. ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றிப் படித்தேன். கற்கும் வழியில் பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை; ஆனால் விருப்பத்திற்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், வரைபடத்தை யாராயிருந்தாலும் கண்ணால்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடம். பிள்ளையைப் பார்த்து வழியைத் தேடிய நான் பாடத்தைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 11

சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 13

ஒரு தாளை நெடுக்கில் மூன்றாகவும் குறுக்கில் நான்காகவும் மடித்துப் பிரித்துக் கொடுத்தேன். 12 கட்டங்கள். மூன்றில் ஒரு பங்கை நிழலிடச் சொன்னேன்: நான்கு கட்டங்கள். இன்னொரு தாளில் நான்கில் ஒரு பங்கு: மூன்று கட்டங்கள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏழுதான்மா வருகிறது, ஆனால் மேலே வருகிறது” என்றான். பன்னிரண்டில் ஏழு. மூத்தவளும் குனிந்து பார்த்து, மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று தெரியாமலேயே இத்தனை நாள் போட்டுவந்ததாகச் சொன்னாள். படித்து எழுதும் பிள்ளை என்று நான் பெயர் சூட்டியவளுக்கும் அதே தாள்தான் உதவியது.

ஜூன் 14

இன்று முதல் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இரண்டாம் முறையும் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் இரவெல்லாம் படிக்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 16

அழுதான். மூடினால் ஒன்றுமே வரவில்லை என்றான். நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

ஜூன் 17

ஐந்தில் ஒன்றும் இரண்டில் ஒன்றும்: ஏழில் இரண்டு. மறுபடியும்.

ஜூன் 19

நேற்று முழுவதும் இதயத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இன்று அவனாகவே அழைத்தான். தன் நெஞ்சின்மேல் கைவைத்து, வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை, உடல் என்று விரலை நகர்த்தினான். வால்வுகளில் ஒன்று விட்டுப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே திரும்பி வந்து சேர்த்தான். “இது என் வலம், தாளில் இடம்” என்றான்.

ஜூன் 20

நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் அவனைக் கேள்வி கேட்க வேண்டுமாம். புத்தகம் என் பையில்தான் இருக்க வேண்டுமாம். ஐந்தில் ஒன்றையும் இரண்டில் ஒன்றையும்தான் முதலில் கேட்பேன். மடிக்க ஒரு வெற்றுத் தாளும் எடுத்து வைத்திருக்கிறேன்.