பதினோரு நடை

இன்றைக்குத்தான் நாய் முதன்முறையாகக் கிண்ணத்தில் வாய் வைத்தது.

ஒரு வாய் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடி, தரையில் போட்டு, ஒவ்வொன்றாகத் தின்றது. திரும்ப வந்தது. திரும்ப ஓடியது. பதினோரு நடை. உட்கார்ந்து எண்ணினேன்.

காப்பகத்திலிருந்து கூட்டி வந்து 4 நாள். 6 கிலோ. ஒரு காது நிமிர்ந்து, மற்றது பாதியில் மடிந்து. "என்ன ஜாதி?" என்று கேட்கிறார்கள். வாலைப் பார்த்தால் ஒன்று, காலைப் பார்த்தால் இன்னொன்று. அட்டையிலேயே 'கலப்பு' என்றுதான் போட்டிருக்கிறது. சரி, அதுவே இருக்கட்டும்.

முதல் 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் வீட்டுப் பழக்கம், 3 மாதத்தில் ஒட்டுதல் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், பயமாகவும் இருக்கலாம் என்றார்கள். முதல் நாள் முழுக்கக் கொட்டாவிதான். நான் பாட்டுக்குப் படுக்கையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்!

இங்கே பிடுங்கித் தின்ன யாருமில்லை என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? பழைய இடத்துப் பயத்தைப் புது வீட்டிலும் சுமந்து திரிவது நாய் மட்டுமா என்ன.

அப்புறம் பெருக்கக் குனிந்தபோது பார்த்தேன். சுவரோரம் ஒரே ஒரு உருண்டையை ஒதுக்கி வைத்திருக்கிறது.

அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.