பேரிக்காயில் ரத்தம்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். எச்.ஐ.வி. தெரிந்து ஒன்பது வருஷம். மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. போன பேரிக்காய் சீசனில் வண்டியில் உட்கார்ந்து ஒரு காயைக் கடித்தேன். வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. மாத்திரை கைவிட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

பக்கத்து டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக். படிவத்தில் எச்.ஐ.வி. என்று மறைக்காமல் எழுதினேன். உள்ளே போய் வந்த பெண், "மெஷின் ரிப்பேர், கோயம்புத்தூர் போங்கண்ணா" என்றார். எனக்கு முன்னால் போனவருக்கு அதே மெஷின் ஓடியதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஊட்டிக்கு மாத்திரை வாங்கப் போனபோது அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்காவிடம் சொன்னேன். 2017 சட்டப்படி எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வைத்தியம் மறுக்கக் கூடாது, 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது என்றார். வெளியே சொல் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாதாம். ஆனாலும் பல் டாக்டரிடம் சொல்வதுதான் நமக்கு நல்லது, வாயில் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்றார். வைரல் லோட் பார்த்தார்கள். கிருமி கண்டறிய முடியாத அளவில்தான் இருந்தது. அப்பாடா!

அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் ஓ.பி. சீட்டோடு ஒன்றரை மணி நேரம். டாக்டரம்மா வழக்கமாகப் போடும் கையுறை, மாஸ்க்தான் போட்டார். எனக்கென்று தனியாக எதுவும் இல்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்புதானாம். நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, ஈறோரம் சிவப்புக் கோடு ஓடுகிறதா, பல் இடுக்கு ஈறின் நுனி அரித்து நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்தார். எதிர்ப்பு சக்தி விழுந்தால் இவை வருமாம். எனக்கு எதுவும் இல்லை. "உங்களுக்கு இருக்கிறது பல்லில் படிந்து இறுகின காரை. எத்தனை வருஷமா புகையிலை அடக்குறீங்க?" என்றார். பதினாறு வருஷம். இத்தனை நாள் எல்லாப் பழியையும் எச்.ஐ.வி. மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன்!

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவின் எண்ணிக்கை பார்த்த பிறகுதான் க்ளீனிங். இரண்டு தடவையாகச் செய்தார்கள். கீழ்ப் பல்லின் பின்பக்கத்திலிருந்து பெயர்ந்த காரையை ட்ரேயில் காட்டினார்; அரிசி நொய் மாதிரி, மஞ்சளும் கறுப்புமாக. முதல் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போனது. இந்த ஊரில் குழாயைத் திறந்தாலே ஐஸ்தானே, வெந்நீர்தான் கதி. பல் இடுக்குக்குச் சின்ன பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். புகையிலையை விட்டுவிட்டேன், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

இரண்டு வாரத்துக்குக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கொடுத்தார்கள். அது பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், டீ குடித்தால் இன்னும் ஏறும். தேயிலை ஏற்றுகிறவனிடம் டீயைக் குறை என்றால் நடக்குமா? பத்தாம் நாள் வீட்டுக்காரி என் பல்லைப் பார்த்துவிட்டு சட்டைப் பாக்கெட்டைத் துழாவினாள், மறுபடி புகையிலையோ என்று. அப்புறம் மவுத்வாஷ் பாட்டிலைக் காட்டித்தான் தப்பித்தேன்.