அம்மா ருசி பார்த்த லில்லிக் கிழங்கு

சென்ற ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஹரிகேன் ரிட்ஜ் என்ற மலைமுகட்டுக்கு ஏறும் வழியில் தலைகவிழ்ந்து நின்ற ஒரு பூவைப் பார்த்து அம்மா நின்றுவிட்டார். ஆரஞ்சு இதழ்கள் பின்பக்கம் சுருண்டிருந்தன. உள்ளே கருஞ்சிவப்புப் புள்ளிகள். "கண்வலிப் பூவுக்கு அம்மை போட்டதுபோல இருக்கிறதே, கண்ணு!"

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மூலனூர்ப் பக்கம். அங்கே கண்வலிப் பூவை, அதாவது செங்காந்தளை, விதைக்காக வயலில் வளர்ப்பார்கள். அதன் கிழங்கு ஆளைக் கொல்லும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இது கொலம்பியா லில்லி, இதன் கிழங்கை இங்குள்ள பூர்வகுடிகள் பலர் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் துளியும் நம்பவில்லை.

காட்டில் தோண்டக்கூடாது. பூங்காவில் தடை, தவிர, விதையிலிருந்து பூக்கவே சில வருடங்கள் பிடிக்கும் செடி அது. என் கொல்லையில் நர்சரியில் வாங்கி வைத்தது ஒன்று இருந்தது. அக்டோபரில் தண்டு காய்ந்ததும் மண்ணைக் கிளறினேன். உரித்த பூண்டுபோல வெள்ளைக் கிழங்கு. ஆனால் பற்கள் மெல்லியவை, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வெளிப்பற்கள் ஐந்தை மட்டும் பிய்த்துக்கொண்டு கிழங்கைத் திரும்பப் புதைத்தேன். ஈரமண்ணில் வைத்தால் ஒவ்வொரு பல்லின் அடியிலும் குட்டிக் கிழங்கு பிடிக்கும் என்பதால், இரண்டு தொட்டிக்குப் போயின.

மீதியை வேகவைத்தேன். உருளைக்கிழங்கை எதிர்பார்த்த நாக்குக்கு முதலில் கசப்பு, பிறகு மிளகின் காரம். எனக்கு முகம் சுளித்துவிட்டது. நான் விழுங்கிப் பிழைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அம்மா ஒரு துணுக்கை வாயில் போட்டார். "இதைக் காய் என்று யார் சொன்னது? வெந்தயம் மாதிரி, கொஞ்சமாகப் போடவேண்டிய சரக்கு."

நான் புத்தகத்தில் படித்ததும் அதுதான்: இறைச்சியோடும் மீனோடும் வேகவைத்துச் சாற்றுக்கு ருசி கூட்டினார்கள். அம்மா எதையும் படிக்காமல் ஒரே மெல்லலில் அங்கே போய்விட்டார். மிச்சமிருந்த ஒரு பல் அன்றைய ரசத்தில் விழுந்தது.

பூனை வளர்ப்பவர்கள் மட்டும் இந்தச் செடியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். கடையில் அழகுக்காக விற்கும் லில்லிக் கிழங்குகளைச் சமைக்கவும் வேண்டாம். மருந்து தோய்த்தவையாக இருக்கலாம்.

போன வருடம் மொட்டுகளை மான் தின்றுவிட்டுப் போனது. அம்மா ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி, "வலை கட்டினாயா?" என்பதுதான். இன்னும் கட்டவில்லை.