ஒளிர்வது சாயமா, மருந்தா?

நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களால் ஆன மிக நுண்ணிய நானோ துகள்களில் புற்றுநோய் மருந்தைப் பொதித்து அனுப்பும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம், அனுப்பிய மருந்து கட்டியைச் சென்றடைந்ததை எப்படி உறுதி செய்வது என்ற கேள்வியிலேயே என் மனம் நின்றுவிடுகிறது.

பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து நீரில் எளிதில் கரையாது என்பதால், ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்பட்ட ஒரு கரைப்பானில் கலந்தே அதை நெடுங்காலம் செலுத்தி வந்தார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. பாலிஎத்திலீன் கிளைக்காலும் பாலிலாக்டிக் அமிலமும் இணைந்த பாலிமர் சங்கிலிகளோ, நீரை நாடும் பகுதியை வெளியேயும் நீரை விலக்கும் பகுதியை உள்ளேயும் வைத்துத் தாமாகவே உருண்டையாகத் திரள்பவை. அந்த உட்பகுதியில் பேக்லிடாக்சலைப் பொதித்த ஜெனெக்சால்-பிஎம் என்ற மருந்து 2007இல் தென் கொரியாவில் ஒப்புதல் பெற்றது. ஒவ்வாமை தரும் கரைப்பானைத் தவிர்த்ததையே நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

ஆனால் கட்டியைச் சென்றடைவது வேறு விஷயம். கட்டியின் இரத்த நாளச் சுவர்களில் இடைவெளி மிகுதி, நிணநீர் வடிகாலோ குறைவு. ஆகவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கிவிடும் என்று 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். இந்த நம்பிக்கையில் எத்தனையோ துகள்கள் உருவாயின. முந்தைய 10 ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்கிட்டபோதோ, செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்ந்த பங்கின் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதமாகவே இருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன.

ஆகவேதான் துகளுக்குள் ஒளிரும் சாயத்தையும் சேர்த்து, திசுக்களை ஓரளவு ஊடுருவக்கூடிய, அகச்சிவப்பை ஒட்டிய அலைநீளங்களில் படமெடுக்கிறார்கள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். சாயம் வெறுமனே பொதிந்திருந்தால் அது துகளிலிருந்து கசிந்து தனி வழியே போகும். நாம் காணும் ஒளி சாயத்தின் இருப்பிடத்தையே காட்டும், மருந்தின் இருப்பிடத்தை அன்று. சாயத்தைச் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் இணைத்தாலும், தானே ஒளிரும் குறைகடத்திப் பாலிமரைப் பயன்படுத்தினாலும், துகளின் இடம் தெளிவாகுமே தவிர, அதிலிருந்து மருந்து எப்போது வெளியேறியது என்பது தெரிவதில்லை.

எனவே, படமெடுப்பதன் முதற்பயன் சிகிச்சைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பதே என்று நினைக்கிறேன். ஒருவரின் கட்டி துகள்களை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மருந்து தரலாம். 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரைப் பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகளான ஃபெருமாக்சிடாலை நோயாளிகளுக்குச் செலுத்தி எம்ஆர்ஐ எடுத்தார்கள். பின்னர் லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழில் பொதிந்த இரினோடீக்கன் என்ற புற்றுநோய் மருந்து அளிக்கப்பட்டபோது, துகள்களை மிகுதியாக ஏற்ற கட்டிகளே கூடுதலாகச் சுருங்கும் போக்கைக் காட்டின.