வைணு பாப்புவும் ஒரு கால்சியம் கோடும்

தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெயராகத்தான் பலருக்கு வானியலாளர் வைணு பாப்புவைத் தெரியும். அவருடைய பெரிய வேலை, 1957-இல் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனோடு வெளியிட்ட, விண்மீன்களின் தூரம் காணும் வழிதான் என்பேன்.

சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில், 3933 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் கால்சியம் உண்டாக்கும் ஆழமான கருங்கோடு இருக்கும். அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று. கீற்று அகலமாக இருந்தால் விண்மீன் உண்மையிலேயே பிரகாசமானது. அந்த உண்மைப் பிரகாசத்தை, இங்கிருந்து பார்க்கத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். சொல்லச் சுலபம்! ஒளியைப் பிரிக்கும் கருவியான நிறமாலைமானியே கீற்றைக் கொஞ்சம் அகலமாக்கும். அதைக் கழிக்காவிட்டால் போச்சு. அகலத்தில் 10 சதவீதம் பிசகினால், தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசகும். வழியில் தூசி இருந்தால் ஒளி மங்கி, விண்மீன் இன்னும் தள்ளி இருப்பதாகக் காட்டும்.

பாப்புவுக்கு 1960-இல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பு, 1968-இல் காவலூரில் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-இல் 1 மீட்டர். 2.34 மீட்டர் முடிவதற்குள், 1982-இல், 55 வயதில் போய்விட்டார்.