விரலில் சுண்டிப் பார்த்துப் பேரிங் வாங்காதீர்கள்

பேரிங் என்பது மோட்டாரின் சாஃப்டை, அதாவது சுற்றும் தண்டை, தாங்கும் பாகம்; உள்வளையம், வெளிவளையம், நடுவே உருளும் குண்டுகள். அதை விரலில் மாட்டி, வெளி வளையத்தை ஒரு சுண்டு சுண்டி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்துத் தரம் சொல்வது கோவைப் பக்க மோட்டார் பட்டறைகளில் இன்றும் இருக்கிற பழக்கம். நான் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியின் அசெம்பிளியிலும் அதுதான் நடந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் சீல், அதாவது தூசி புகாமல் காக்கும் மூடி, வைத்த 6206 சைஸ் பேரிங் புதிதாக வந்து இறங்கினால், மூத்த ஃபிட்டர் முகம் சுளிப்பார். “டைட்டா இருக்குதுங்க சார். இந்தப் பழசப் பாருங்க, எப்படிப் பறக்குது!”

பறக்கத்தான் செய்யும். அவர் கையில் இருந்தது பெட்ரோலில் கழுவி, கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லாமல், உள்ளே தேய்ந்து பிளே (ஆட்டம்) கூடிப்போன பேரிங். ஃபிட்ஜெட் ஸ்பின்னர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நடுப் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிட்டு அதிக நேரம் சுற்ற வைத்த பிள்ளைகளுக்கும் இந்த ரகசியம் தெரியும்.

பேரிங்கைச் சுற்றவிடாமல் பிடித்து இழுக்கும் அந்த உராய்வு முறுக்குவிசை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. குண்டுகள் உருளும்போது கொஞ்சம், வளையத்தில் அவை ஓடும் தடத்தில் வழுக்கும்போது கொஞ்சம், சீலின் உதடு உரசுவதால் கொஞ்சம், கிரீஸைக் கடைவதால் கொஞ்சம். விரலில் சுண்டும்போது சுமையே கிடையாது. அப்போது கைக்குத் தெரிவது சீலும் கிரீஸும்தான். மோட்டாரில் பெல்ட் இழுக்க, 2,880 ஆர்பிஎம்மில் ஓடும்போது கணக்கே வேறு.

அவரை வாயால் நம்ப வைக்க முடியாது என்பதால் ஒரு கட்டை சாஃப்டை வைஸில் இறுக்கி, அதில் பேரிங்கை ஏற்றி, வெளி வளையத்தில் நூலைச் சுற்றி, சின்ன ஸ்பிரிங் தராசால் மெதுவாக இழுத்துக் காட்டினேன். 6206-க்கு வெளிவிட்டம் 62 மி.மீ. ஆக, தராசு 100 கிராம் காட்டினால் ஏறக்குறைய 1 நியூட்டன். அதை ஆரம் 31 மி.மீ.யால் பெருக்கினால் முறுக்குவிசை 31 நியூட்டன்-மி.மீ. தகடு மூடிய இசட்இசட் பேரிங்கில் முள் அசைந்ததே பெரிது. ரப்பர் சீலில் தெளிவாக ஏறியது. சீலைக் கத்தி முனையால் நெம்பிக் கழற்றிவிட்டு அதே பேரிங்கை இழுத்தால் முள் கீழே வந்துவிட்டது. “அப்ப டைட்டு பேரிங்குல இல்லீங்களா?” என்றார். இல்லை, ரப்பரில்.

சுமையோடு ஓடும்போது எவ்வளவு என்பதற்கு கேட்லாக்கிலேயே எளிய கணக்கு உண்டு: உராய்வுக் குணகம், சுமை, உள்விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். சாதாரணக் குண்டுப் பேரிங்குக்குக் குணகம் சுமார் 0.0015. உள்விட்டம் 30 மி.மீ., சுமை 1,000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ இழுவை என்றால், 22.5 நியூட்டன்-மி.மீ. 2,880 ஆர்பிஎம்மில் அது சாப்பிடும் மின்சாரம் கிட்டத்தட்ட 7 வாட். 3 எச்.பி. மோட்டார் 2,200 வாட். கரண்ட் பில்லுக்காக இதைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

ஆனால் அந்த 7 வாட்டும் உள்ளங்கை அளவு இரும்புக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. பேரிங் சூடு 70 டிகிரியைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். உராய்வு கூடினால் முதலில் அடிபடுவது கிரீஸ்தான்.

நான் பார்த்த பேரிங் ஜாம்களில் பாதிக்கு மேல் ஃபிட்டிங்கில் தொடங்கியவை. 6206-இல் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே விடும் சாதாரண உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான். இடைவெளி கூடுதலாக விட்ட சி3 ரகம் என்றால் 13 முதல் 28. சாஃப்ட் சில மைக்ரான் பருத்திருந்து, அதில் பேரிங்கை அடித்து ஏற்றினால் உள்வளையம் விரிந்து இடைவெளி காணாமல் போய்விடும். ஓடும்போது உள்வளையம் வெளிவளையத்தைவிட அதிகம் சூடாகும், மேலும் விரியும், குண்டுகள் இன்னும் நெருங்கும், உராய்வு கூடும், சூடு இன்னும் ஏறும். அந்தச் சுழலில் மாட்டிய பேரிங் நீல நிறமேறித்தான் வெளியே வரும். அதற்கும் “கம்பெனி பேரிங்கே சரியில்ல” என்றுதான் ரிப்போர்ட் எழுதுவார்கள்.

இன்னொன்று, புது மோட்டாரை டெஸ்டிங்கில் போட்டதும் பேரிங் சூடு மளமளவென்று ஏறும். குண்டுகளின் பாதையில் கிடக்கும் கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கும்வரை அப்படித்தான். பிறகு தானே இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அதற்குள் பயந்துபோய், திறந்த பேரிங் என்றால் கிரீஸ் கன்னை எடுத்து இன்னும் நாலு அமுக்கு அமுக்குகிறவர்கள் உண்டு. கடைய வேண்டிய சரக்கு கூடியதும் சூடு இறங்காமலே நிற்கும். உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும் என்றால், கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள்.

கை எதற்குமே உதவாது என்று சொல்லவில்லை. அந்த ஃபிட்டர் ரோட்டாரை மெல்ல மெல்லத் திருப்பி, ஒரே இடத்தில் லேசாக ‘கட்’டென்று தட்டுவதைக் கண்டுபிடித்துவிடுவார், ஏற்றும்போது சுத்தியல் அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் விழுந்த பள்ளம் அது. எங்களிடம் இருந்த எந்த மீட்டரிலும் அது தெரியாது. ரைஸ் மில்லுக்குப் போகிற மோட்டார் என்றால் இப்போது அவரே ரப்பர் சீல்தான் கேட்கிறார், டைட்டாக இருந்தாலும். அந்த உமித் தூசிக்கு இசட்இசட் தாங்காது.